வீட்டை விற்கப் போறீங்களா? சுவரைப் பார்த்துட்டு கலர் அடிங்க!

கடலூர்,

"டேய், உடனே கிளம்பி வா. வீட்டுக்கு என்ன கலர் அடிக்கிறதுன்னு முடிவு பண்ணணும்."

போனில் என் தாய்மாமா. காலை ஆறரை மணி. நான் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் கிளம்பும் நேரம். திருட்டு, அடிதடி, லாரி மோதல், சாக்கடை அடைப்பு, இதுதான் என் பிழைப்பு. கலரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

ஆனால் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அதுவும் ஒரு 'கேஸ்' என்று! தடயம் சுவரில் இருந்தது. அதை மறைப்பதற்குத்தான் மாமா கலர் தேடிக் கொண்டிருந்தார்.

முழங்கால் உயரத்தில் ஒரு கோடு

மாமா வீடு தென்பெண்ணை ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு நகரில் இருக்கிறது. நகரின் பெயர் வேண்டாம். தாழ்வான இடம். இரண்டு படுக்கை அறை, ஒரு ஹால், சமையல் கட்டு, பின்னால் கிணறு. பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு.

மகன் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டான். மாமாவுக்கு முட்டி வலி. வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கலாம் என்று முடிவு. 2025 மாசி மாதத்தில் நடந்த கதை இது.

ஹாலுக்குள் போனேன். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. நாலு பக்கமும் நூல் பிடித்தது போல் ஓடியது. கோட்டுக்குக் கீழே பெயிண்டு பொரிந்து, கை வைத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. அங்கங்கே பஞ்சு போல வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

எந்த வெள்ளம் என்று நான் கேட்கவில்லை. கடலூர்க்காரனுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30-ந்தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதை அடுத்து சாத்தனூர் அணையில் இருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் கரை புரண்டு வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் பல நகர்களில் வீட்டுக்குள் தண்ணீர். மாமா வீட்டில் இரண்டு நாள் நின்றது.

அதற்கு முன்னால் 2015-லும் வந்தது. அந்தக் கோட்டை மாமா அப்போதே டிஸ்டம்பர் அடித்து மூடிவிட்டார். இப்போது உதிர்ந்த இடத்தில் அந்தப் பழைய டிஸ்டம்பரும் தெரிந்தது. ஒரே சுவரில் இரண்டு வெள்ளம்!

மாமா போட்ட திட்டம்

மாமா கையில் ஷேடு கார்டு. விரலை ஒரு கட்டத்தில் வைத்திருந்தார். அடர்த்தியான அரக்குச் சிவப்பு.

"தரையில இருந்து மூணு அடிக்கு இதுல எனாமல் பட்டை. அதுக்கு மேல கிரீம். பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி நீட்டா இருக்கும். கோடும் தெரியாது, உப்பும் தெரியாது. எப்படி?"

"மாமா, நீங்க சொல்றது கலர் இல்ல, தடயத்தை மறைக்கிறது."

"போடா, பெரிய போலீஸ்காரன்! ஊர்ல எல்லாரும் வெள்ளை அடிச்சுத்தான் விக்கிறான். மாட்டுக்கே கொம்பு சீவி, கலர் அடிச்சுத்தானே சந்தைக்கு ஓட்டுறான்?"

அத்தை அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். "நாளைக்கு வாங்கினவங்க வந்து வாசல்ல நின்னா, நீங்க ஊர்ல இருக்க மாட்டீங்க. அக்கம்பக்கத்துல என் பேருதான் கெடும்" என்றார். மாமா வாயை மூடிக்கொண்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

கோர்ட்டுப் பக்கம் போய் வருவதால் இதைக் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறேன். வாசகர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

சொத்து மாற்றுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1882-ல் வந்தது. இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 55-வது பிரிவு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள கடமைகளைச் சொல்கிறது.

வீட்டில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாது. அப்படி இருந்தால் விற்பவர் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை இதுதான் விதி. சொல்லாமல் விட்டால் அது மோசடி என்றே அந்தப் பிரிவு கூறுகிறது.

கவனியுங்கள். சுவரில் கோடு கண்ணுக்குத் தெரிந்தால், அதைப் பார்ப்பது வாங்குபவர் பொறுப்பு. அதே கோட்டின் மேல் எனாமல் அடித்து மூடினால்? அவர் கண்ணை நீங்கள் கட்டிவிடுகிறீர்கள். அப்புறம் "நீ பார்த்துத்தானே வாங்கினாய்" என்று சொல்ல முடியாது.

அழகுக்குப் பெயிண்டு அடிக்கலாம், தப்பே இல்லை. குறையை மறைக்க அடித்தால்தான் வம்பு.

மேஸ்திரி வந்தார்

மாமாவுக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. முப்பது வருஷமாக இந்த ஊரில் பெயிண்டு அடிக்கும் ஒரு மேஸ்திரியை வரவழைத்தோம். அவர் ஷேடு கார்டைத் தொடவே இல்லை. நேராகச் சுவரிடம் போய் விரலால் தட்டினார். பொத்து பொத்தென்று சத்தம். பூச்சு சுவரை விட்டுக் கழன்று நிற்கிறது என்று அர்த்தமாம்.

எனாமல் பட்டை என்றதும் சிரித்துவிட்டார். ஈரச் சுவர் மேல் எனாமல் அடித்தால், ஈரம் வெளியே வர வழி இருக்காது. உள்ளேயே நின்று கொப்புளம் கொப்புளமாகத் தள்ளும். பத்திரம் முடியும் வரை கூடத் தாங்காது என்றார்.

உப்பு எங்கிருந்து வருகிறது? கடலோர ஊரில் இது பெரிய தலைவலி. செங்கல்லில் இருக்கும். சரியாகக் கழுவாத மணலில் இருக்கும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் கலவை போட்டால் அதிலும் இருக்கும். வெள்ளத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கொண்டு வரும்.

சுவருக்குள் இருக்கும் ஈரம் இந்த உப்பைக் கரைக்கிறது. ஈரம் வெளிப்பக்கம் வந்து காய்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. அது இறுகிப் படிகமாகும்போது மேலே உள்ள பெயிண்டைப் பிய்த்துத் தள்ளுகிறது. எந்தக் கம்பெனி பெயிண்டாக இருந்தாலும் இதுதான் கதி.

கலர் எதுவாக இருந்தாலும் உப்பு கேட்காது!

பாலிதீன் வைத்தியம்

சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? காசு செலவில்லாத ஒரு வழி உண்டு.

ஒரு அடிக்கு ஒரு அடி தெளிவான பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் அப்படியே விடுங்கள்.

மறுநாள் தாளின் உள்பக்கம், சுவரை ஒட்டிய பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் சுவரில் ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் நின்றால் அறைக் காற்றில்தான் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

மாமா வீட்டு ஹாலில் மூன்று இடத்தில் ஒட்டினோம். மூன்றிலும் உள்பக்கம்தான் தண்ணீர்! வெள்ளம் வடிந்து மூன்று மாதம் ஆகியும் சுவர் காயவில்லை.

காரணம் என்ன என்று தேடினோம். பின்பக்கம் மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் உடைந்து, சுவரை ஒட்டியே மண்ணில் ஊற்றிக் கொண்டிருந்தது. அதோடு பூச்செடிக்காக மண்ணைக் கொட்டி, சுவரின் மேல் ஒன்றரை அடிக்கு ஏற்றி வைத்திருந்தார் மாமா. வெள்ளம் பாதி, வீட்டுக்காரர் பாதி!

முதலில் குழாயை மாற்றினோம். மண்ணை வெட்டி எடுத்தோம். பிறகு கோட்டுக்கு மேலே ஒரு அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் தெரியும்படி விட்டோம். பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாதாம், மறுபடி உள்ளே போய்விடுமாம். உலர்ந்த பிரஷால் தேய்த்துத் தள்ள வேண்டும்.

பங்குனி வெயிலில் சுவர் காய்ந்தது. அதன் பிறகு கொத்தனார் வந்து, தண்ணீர் தாங்கும் மருந்து கலந்து பூசினார். நனைத்தது போக இன்னும் ஒரு மாதம் அதைக் காயவிட்டோம். அப்புறம்தான் பிரைமர், பட்டி, கலர் எல்லாம்.

"இத்தனை நாளா?" என்று மாமா துடித்தார். ஆனால் வேறு வழி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெயிண்டு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று மேஸ்திரிகள் சொல்வது இதனால்தான். தை பிறந்த பிறகு ஆரம்பித்தால் ஆடிக்கு முன்னால் முடிக்கலாம். ஆடி மாதம் வீடு பார்க்கவே பலர் வர மாட்டார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான்.

விற்கிற வீட்டுக்கு எந்தக் கலர்?

இனி கலருக்கு வருவோம்.

நாம் குடியிருக்கும் வீட்டுக்கு நமக்குப் பிடித்த கலர் அடிக்கலாம். கிளிப்பச்சை அடிக்கலாம், ரோஸ் அடிக்கலாம், யார் கேட்பது? விற்கிற வீடு வேறு சமாச்சாரம். முகம் தெரியாத ஒருவர் வந்து நிற்பார். இங்கே நம் பீரோவை வைக்கலாம், அங்கே சாமி படம் மாட்டலாம் என்று அவர் மனசுக்குள் குடி வந்து பார்க்க வேண்டும். சுவர் அதற்கு இடம் விட வேண்டும்.

அதனால் வெளிர் நிறம்தான் நல்லது. வெள்ளையில் லேசாக மஞ்சள் கலந்த தந்த நிறம், சந்தன நிறம், மோர் நிறம், இந்த வரிசை. வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அறைக்குள் அனுப்பும். அரக்கு, கரு நீலம் போன்றவை வெளிச்சத்தை விழுங்கிவிடும். பத்துக்குப் பத்து அறையில் அடர் நிறம் அடித்தால், அறை பெட்டி போல் ஆகிவிடும்.

கூரையின் உள்பக்கம் எப்போதும் வெள்ளைதான். அதை மாற்ற வேண்டாம்.

ஹாலில் நாலு சுவருக்கும் ஒரே நிறம் போதும். ஒரு சுவருக்கு மட்டும் ஆரஞ்சு அடிக்கும் பழக்கம் இப்போது இருக்கிறது. குடியிருப்பவருக்கு அது அழகு. வாங்க வருபவர், "இதை மாற்ற எவ்வளவு ஆகும்?" என்றுதான் முதலில் கணக்குப் போடுவார்.

வெளிப்பக்கம் தூய வெள்ளை வேண்டாம். கடலூரின் மழையும் பாசியும் ஒரே வருஷத்தில் கறுப்புக் கோடு போட்டுவிடும். கொஞ்சம் மணல் நிறம், வெளிர் மஞ்சள் தாங்கும். பக்கத்தில் புதுச்சேரிக்குப் போனவர்களுக்குத் தெரியும், பிரெஞ்சுக்காரர் தெருவில் மஞ்சளும் வெள்ளையும் எவ்வளவு பாந்தமாக இருக்கிறது என்று.

கொடி நிறம் ஜாக்கிரதை

இது நம் ஊருக்கே உரிய சங்கதி. கேட்டுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இரண்டு மூன்று நிறம் சேர்க்கும்போது, எந்தக் கட்சியின் கொடியும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பும் சிவப்பும் பக்கம் பக்கமாக வந்தால் வருகிறவர் வீட்டைப் பார்க்க மாட்டார், உங்களைப் பார்ப்பார். "ஓனர் எந்தக் கட்சி?" என்று புரோக்கரிடம் கேட்பார்.

வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடித்தால் கோயில் மதில். அதுவும் விற்பனைக்கு ஆகாது.

அமெரிக்காவில் ஜில்லோ என்ற வீட்டு விற்பனைக் கம்பெனி, விற்ற வீடுகளின் போட்டோக்களை வைத்து 2018-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. வாசல் கதவு கறுப்பாக இருந்த வீடுகள் எதிர்பார்த்ததைவிட 6,271 டாலர் அதிகம் விலை போயினவாம்!

அதை மாமாவிடம் சொன்னேன். "நம்ம தெருவுல வாசக்கதவுக்குக் கறுப்பு அடிச்சா, துக்கம் விசாரிக்க ஆள் வரும்டா" என்றார். சரிதானே? ஊருக்கு ஊர் கண் வேறு.

மாதிரி அடித்துப் பாருங்கள்

ஷேடு கார்டில் ஒரு விரல் அகலத்துக்குப் பார்க்கும் நிறம் வேறு, சுவர் முழுக்க வரும் நிறம் வேறு. சுவரில் வந்தால் ஒரு பங்கு கூடுதலாகத் தெரியும். அதனால் நினைத்ததைவிட ஒரு படி வெளிர் நிறத்தை எடுப்பது புத்திசாலித்தனம்.

கடையில் டியூப் லைட் வெளிச்சத்தில் முடிவு பண்ணாதீர்கள். சின்ன டப்பா வாங்கி, சுவரில் இரண்டு அடிக்கு இரண்டு அடி அடித்து, காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என மூன்று வேளையும் பாருங்கள். மாமா வீட்டில் மோர் நிறம் என்று வாங்கியது, ராத்திரி விளக்கில் பச்சையடித்துப் போய்க் கிடந்தது. நல்ல வேளை, சின்ன டப்பாவோடு தப்பினோம்.

சிதம்பரத்தில் வேறு கதை

மாமா வீட்டுப் பூச்சு காய்ந்து கொண்டிருந்தபோது அத்தை இன்னொரு வேலை கொடுத்தார். அவர் பிறந்த வீடு சிதம்பரத்தில் இருக்கிறது. தேர் ஓடும் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்க, அதையும் விற்பதாகப் பேச்சு. "அங்கேயும் ஒரு நடை போய்ப் பாருடா, அவங்க என்னமோ தூணுக்கெல்லாம் பெயிண்டு அடிக்கிறாங்களாம்" என்றார்.

கடலூரில் இருந்து சுமார் 45 கிலோ மீட்டர். பஸ் ஏறினேன்.

திண்ணை, ரேழி, முற்றம் வைத்த பழைய வீடு. சுண்ணாம்புக் காரையில் கட்டியது. மேலே தேக்கு உத்திரம், அதன் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் மட்டப்பா. நாலு தேக்குத் தூண்.

அங்கே கடலூரைப் போல மறைக்கும் வேலை நடக்கவில்லை. நல்லதை எல்லாம் மூடும் வேலை நடந்துகொண்டிருந்தது! தேக்குத் தூணில் பாதிக்கு மேல் சாக்லேட் நிற எனாமல் ஏறிவிட்டது. "புதுசு மாதிரி இருக்கணும்ல" என்றார் அத்தையின் அண்ணன்.

பழைய வீட்டைத் தேடி வாங்க வருபவர் எதற்காக வருகிறார்? அந்த மரத்துக்காகத்தானே? தூண் தேக்கு என்று எனாமலுக்கு மேல் எப்படித் தெரியும்? தேங்காய் நாரும் கொஞ்சம் எண்ணெயும் இருந்தால் மின்னக்கூடிய மரம் அது. மீதித் தூண்களைக் காப்பாற்றினோம்.

பழைய எனாமலைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி, 2017 நவம்பர் 1 முதல்தான் நம் நாட்டில் அமலுக்கு வந்தது. பழைய ஜன்னலை உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்தால் அந்தத் தூசு குழந்தைகள் வயிற்றுக்குள் போகும். நனைத்துத் தேய்க்க வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அன்றைக்கு வேறு வீட்டில் விட வேண்டும்.

சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு

சிதம்பரம் வீட்டுச் சுவருக்கும் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்க ஏற்பாடு ஆகியிருந்தது. கூட வந்த மேஸ்திரி தடுத்துவிட்டார்.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். மழைக்காலத்தில் ஈரம் வாங்கும், வெயில் காலத்தில் விடும். அதன் மேல் சிமெண்டுப் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் போட்டு மூடினால், ஈரம் உள்ளேயே நின்று காரையைத் தின்னும்.

நம் பாட்டிமார் போகிக்கு என்ன செய்தார்கள்? கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து, வடிகட்டி, ஒரு சிட்டிகை நீலம் போட்டு மட்டையால் அடித்தார்கள். அந்த வெள்ளைக்கு ஈடு எது? நீலம் போடுவது எதற்கு என்றால், சுண்ணாம்பில் இருக்கும் லேசான மஞ்சளை அது அடக்கி, வெள்ளையைத் தூக்கிக் காட்டும். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறோமே, அதே வித்தைதான்.

அங்கேயும் அதுவே செய்தோம். உள்ளே சுண்ணாம்பு வெள்ளை, முற்றத்துச் சுவருக்கு வெளிர் காவி. திண்ணைக்கு மட்டும் சிவப்புச் சிமெண்டை நன்றாகத் தேய்த்துக் கழுவினோம். இருட்டு வீடு என்று பெயர் வாங்கிய வீட்டில், முற்றத்து வெளிச்சம் ரேழி வரை வந்து விழுந்தது.

சிதம்பரத்தில் இதற்கு மதிப்பு உண்டு. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்ததில் இருந்து வாத்தியார்களும் மாணவர்களும் வீடு தேடும் ஊர் அது. நடராஜர் கோயிலுக்கு வந்து போகிறவர்களும் ஏராளம். வெளிச்சமான வீட்டுக்கு அங்கே ஆள் வரும்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

விற்கிற வீட்டில் அள்ளிக் கொட்ட வேண்டாம். முன்பக்கம், ஹால், சமையல் கட்டு, குளியல் அறை, இந்த நாலும்தான் வருபவர் முதலில் பார்ப்பது. மற்ற அறைகள் சுத்தமாக இருந்தால் போதும்.

கூலி பேசும் முன் சுவரை நீங்களே அளந்துவிடுங்கள். கணக்கு எளிது. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஒரு அறை. நாலு சுவரின் சுற்றளவு 44 அடி. உயரம் 10-ஆல் பெருக்கினால் 440 சதுர அடி. கூரை 120. மொத்தம் 560. ஒரு கதவு 21, இரண்டு ஜன்னல் 32, இந்த 53 சதுர அடியைக் கழித்தால் 507. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். இரண்டு கோட்டுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். கணக்குத் தெரிந்தவரிடம் யாரும் இரண்டு டப்பா அதிகமாக எழுத மாட்டார்கள்.

பழைய டிஸ்டம்பர் மேல் அப்படியே எமல்ஷன் அடிக்கச் சொல்லாதீர்கள். சுரண்டி எடுக்காமல் அடித்தால் தோல் உரிவது போல் உரியும்.

வாங்குபவர் நிலையையும் நினைத்துப் பாருங்கள். 2023 ஏப்ரலில் இருந்து முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வீட்டு விலைக்கு மேல் இந்த 9 சதவீதத்தையும் எடுத்து வைத்துவிட்டு, கடன் வாங்கி வரும் குமாஸ்தாவுக்கு, குடி வந்த ஆறாம் மாதமே சுவரை உடைத்துப் பூசக் கையில் என்ன மிச்சம் இருக்கும்?

வாங்குபவர் பார்க்க வேண்டியது

வாங்கப் போகிறவர்களுக்கும் நாலு வார்த்தை. புதுப் பெயிண்டு வாசனை அடித்தால் பயப்பட வேண்டாம், கொஞ்சம் கவனமாக இருங்கள்.

கீழே மூன்று அடிக்கு மட்டும் அடர் நிறம் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வீடு முழுக்கப் பழசாக இருந்து ஒரே ஒரு சுவர் மட்டும் புதுசாக இருந்தாலும் கேளுங்கள். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் சந்தேகம்தான். விரலால் தட்டிப் பாருங்கள்.

பீரோவுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குக் கீழே பாருங்கள். பெயிண்டர் கை அங்கே போயிருக்காது. பக்கத்து வீட்டு மதிலைப் பாருங்கள். வெள்ளக் கோடு ஒரு வீட்டில் மட்டும் நிற்காது, தெரு முழுக்க ஓடும்!

எதிர்க்கடையில் ஒரு டீ குடித்து, "2015-ல இங்க தண்ணி வந்துச்சா? 2024-ல?" என்று கேளுங்கள். டீக்கடைக்காரர் சுவருக்குப் பெயிண்டு அடிக்கலாம், வாய்க்கு அடிக்க முடியாது.

மாமா வாயைத் திறந்தார்

வைகாசியில் மாமா வீடு தயார். உள்ளே சந்தன நிறம், வெளியே வெளிர் மஞ்சள். அரக்கு எங்கேயும் இல்லை.

பின்கட்டில் கிணற்றடிச் சுவரில் ஒரே ஒரு இடம் மட்டும் அடிக்காமல் விடச் சொன்னேன். அங்கே அந்தப் பழுப்புக் கோடு ஒரு முழத்துக்கு அப்படியே இருந்தது. மாமா முறைத்தார். ஆனால் விட்டுவிட்டார்.

முதல் ஆள் ஒருவர் வந்தார். சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. கூடவே அவர் சம்சாரம். அந்த அம்மாள் ஹாலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். காய்ந்த சுவர். முகம் மலர்ந்தது.

அப்போதே மாமா வாயை மூடிக்கொண்டிருக்கலாம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"அம்மா, பின்னால வாங்க, ஒண்ணு காட்டணும்" என்றார் மாமா. கிணற்றடிக்கு அழைத்துப் போனார். "இதோ, இது வரைக்கும் தண்ணி வந்துது. 2024-ல. ரெண்டு நாள் நின்னுது. 2015-லயும் வந்துது. உள்ள பூச்சை எடுத்துட்டுப் புதுசா பூசியிருக்கேன். குழாய் மாத்தின பில்லு இருக்கு. வெள்ளம் இனிமே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

அந்த ஐந்து நிமிஷம் எனக்கே வயிற்றைக் கலக்கியது. குமாஸ்தா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "யோசிச்சுச் சொல்றோம்" என்று போய்விட்டார்கள். அன்று ராத்திரி மாமா என்னிடம் பேசவே இல்லை.

நாலாவது நாள் அவர்களே திரும்பி வந்தார்கள். ஏற்கெனவே வேறு இரண்டு வீடு பார்த்தார்களாம். அந்தத் தெருக்களிலும் தண்ணீர் வந்தது ஊருக்கே தெரியும். ஆனால் வீட்டுக்காரர்கள், "எங்க வீட்டுக்கு மட்டும் வரலை" என்று சாதித்தார்களாம். "நீங்கதான் சார் உள்ளதைச் சொன்னீங்க" என்றார் குமாஸ்தா.

சொன்னதற்காக முழு விலையும் கொடுத்துவிடவில்லை. எழுபத்தைந்தாயிரம் குறைத்தார். மின் பிளக்குகளை எல்லாம் இரண்டு அடி மேலே ஏற்ற வேண்டும் என்று கணக்குச் சொன்னார். நியாயமான கணக்கு. மாமா ஒப்புக்கொண்டார். ஆனி மாதம் பத்திரம் முடிந்தது.

ஆவணியில் அந்தப் பக்கம் ஒரு திருட்டுக் கேஸ் விசாரிக்கப் போனவன், அப்படியே வீட்டை எட்டிப் பார்த்தேன்.

நாங்கள் மூன்று வேளை பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சந்தன நிறத்தைக் காணோம். ஹால் முழுக்கக் கிளிப்பச்சை!

"எங்க வீட்டுக்காரிக்கு இதுதான் பிடிக்கும்" என்று குமாஸ்தா சிரித்தார்.

நான் குனிந்து கீழே மூன்று அடியைத் தொட்டுப் பார்த்தேன். பொரியவில்லை, உப்பு இல்லை. கிணற்றடிக்கும் போனேன். அந்த ஒரு முழக் கோட்டின் மேல் மட்டும் அவர்கள் பெயிண்டு அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதி வைத்திருந்தார்கள்.